காரில் பாட்டுச் செட்டு மாற்றப் போகிறீர்களா?

காதுக்கு இனிய பாட்டும் வேண்டும். காருக்குள் நெருப்பும் கூடாது. அதற்கு என்ன வழி?

அரியலூர் மாவட்டத்தில், ஆண்டிமடத்தை அடுத்து இருக்கிறது வரதராஜன்பேட்டை. செம்மண் பூமி. சுற்று வட்டாரம் எங்கும் முந்திரித் தோப்புகள். ஊருக்குப் பெருமை சேர்ப்பது அலங்கார அன்னை ஆலயம்.

ஒரு காலத்தில் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் கார் என்றால் அது டாக்டரிடம் இருக்கும். அல்லது கல்யாண மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு வரும். இன்று அப்படி இல்லை. முந்திரி விற்ற காசிலோ, வெளியூரில் உழைத்துச் சேர்த்த பணத்திலோ, புதுக் கார் முடியாவிட்டாலும் பழைய கார் ஒன்றையாவது வாங்கி விடுகிறார்கள்.

கார் வீட்டுக்கு வருகிறது. மாலை போடுகிறார்கள். கோவிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்து வாங்குகிறார்கள். குழந்தைகள் முண்டியடித்து ஏறுகிறார்கள். சாவியைத் திருப்பியதும் பின்னாலிருந்து வரும் முதல் குரல் என்ன?

"பாட்டு போடுப்பா!"

அங்கேதான் சிக்கல் ஆரம்பம்! காரோடு வந்த பழைய செட்டு கரகரக்கிறது. கைப்பேசியில் இருக்கும் பாட்டை அது பாட மறுக்கிறது. சத்தத்தைக் கூட்டினால் கதவு கடகடவென்று ஆடுகிறது. உடனே மகன் சொல்கிறான்: "இந்தச் செட்டைத் தூக்கிப் போட்டுட்டு வேற வைக்கலாம்ப்பா."

வைக்கலாம். தவறே இல்லை. ஆனால் எப்படி வைப்பது? யாரிடம் கொடுப்பது? எதில் பணத்தைப் போடுவது? எதில் போடக் கூடாது? இதைத் தெரிந்துகொள்ளாமல் இறங்கினால் பணமும் போகும். சில சமயம் காரே தீக்கு இரையாகும்!

பிறந்ததே வெளிச் செட்டாகத்தான்!

காரில் பாட்டு எப்போது வந்தது? இது ஒரு சுவையான கதை.

அமெரிக்காவில் சிக்காகோ நகரில் இரண்டு சகோதரர்கள் இருந்தார்கள். மூத்தவர் பால் கால்வின். இளையவர் ஜோசப் கால்வின். 1928ஆம் ஆண்டில் ஒரு சிறு தொழிற்சாலை ஆரம்பித்தார்கள். வியாபாரம் சுமாராக நடந்தது. மறு வருடமே அமெரிக்காவைப் பெரும் பொருளாதார நெருக்கடி பிடித்துக்கொண்டது. ஏதாவது புதுமை செய்தால்தான் பிழைக்கலாம் என்ற நிலை.

"ஓடுகிற காரில் ரேடியோ பாடினால் என்ன?" என்று நினைத்தார்கள். அதற்கு முன்பும் சிலர் முயன்றது உண்டு. ஆனால் பலரும் வாங்கும்படி அமையவில்லை.

வேலை எளிதாக இல்லை. ரேடியோவைக் காரில் வைத்தால் என்ஜினின் இரைச்சல்தான் கேட்டது. பாட்டு கேட்கவில்லை! என்ஜினில் தீப்பொறி தெறிக்கும்போதெல்லாம் ரேடியோவில் "பட், பட்" என்ற சத்தம். அதை அடக்குவதற்கே படாத பாடு பட்டார்கள்.

1930ஆம் ஆண்டு ஜூன் மாதம் அட்லாண்டிக் சிட்டி என்ற கடற்கரை நகரில் ரேடியோ வியாபாரிகள் மாநாடு கூடியது. உள்ளே கடை போடக் கால்வினிடம் பணம் இல்லை. அவர் என்ன செய்தார்? தமது ஸ்டூடிபேக்கர் காரில் ரேடியோவைப் பொருத்தினார். சிக்காகோவிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்தார். மாநாட்டு மண்டபத்துக்கு வெளியே நிறுத்தினார். ரேடியோவைத் திருகி விட்டார்!

போனவர்கள் நின்றார்கள். கார் பாடுகிறது! ஆர்டர்கள் கிடைத்தன. தொழில் பிழைத்தது!

அந்த ரேடியோவுக்கு அவர்கள் வைத்த பெயர் 'மோட்டோரோலா'. மோட்டார் காரில் பாடுவது என்ற பொருள்பட அமைந்த பெயர். பிறகு 1947இல் கம்பெனிக்கே அந்தப் பெயரைச் சூட்டிவிட்டார்கள். இன்று கைப்பேசிகளில் பார்க்கும் அதே பெயர்தான்!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ரேடியோவைக் கார் தயாரித்தவர்கள் செய்யவில்லை. கார் வேறு, ரேடியோ வேறு. வெளியில் வாங்கி உள்ளே பொருத்தியதுதான்! ஆக, இன்று கடையில் செட்டு மாற்றுகிறவர் 1930இல் கால்வின் போட்ட பாதையில்தான் நடக்கிறார்.

அந்தக் காலத்தைப் பற்றி இன்னொரு கதையும் சொல்வார்கள். கடன் கேட்பதற்காகக் கால்வின் ஒரு பாங்கிக்காரரிடம் போனாராம். அவரை மகிழ்விக்க, அவருடைய காரில் தம் ஆட்களை விட்டு ரேடியோ பொருத்தச் சொன்னாராம். பொருத்திய அரை மணி நேரத்தில் கார் தீப்பிடித்துக்கொண்டதாம்! கடன் கிடைக்குமா? மெய்யோ, கட்டுக்கதையோ, அதில் உள்ள பாடம் மட்டும் மெய். அந்தப் பாடம் பின்னால் வருகிறது.

இசைத்தட்டு முதல் கைப்பேசி வரை

கார் ரேடியோவுக்குப் பிறகு எத்தனையோ வேடிக்கைகள் வந்தன. 1956ஆம் வருட மாடல் கார்களில் கிரைஸ்லர் கம்பெனி கிராமபோனையே வைத்துப் பார்த்தது! நிமிடத்துக்கு 16⅔ சுற்று மட்டும் சுற்றும் தனி இசைத்தட்டுகள் அதற்காகச் செய்யப்பட்டன. ஆனால் அந்த ஏற்பாடு நெடுநாள் நிலைக்கவில்லை.

1963இல் பிலிப்ஸ் கம்பெனி கையடக்கமான காசெட்டைக் கொண்டுவந்தது. கார்களில் அது நிலையான இடம் பிடித்தது. 1984இல் சி.டி. போடும் கார் செட்டு விற்பனைக்கு வந்தது. பிறகு விரல் நுனி அளவுள்ள பென் டிரைவ். இப்போது கம்பியே இல்லாமல் கைப்பேசியிலிருந்து பாட்டு தாவி வருகிறது!

நம் பக்கத்தில் 1938 ஜூன் 16இல் சென்னை வானொலியும், 1939 மே 16இல் திருச்சி வானொலியும் ஒலிபரப்பத் தொடங்கின. அம்பாசிடர் காரும் பத்மினி காரும் ஓடிய நாளில், பாட்டு வேண்டும் என்றால் பெரும்பாலும் கடையில் தனியே வாங்கித்தான் வைக்க வேண்டும். டேஷ்போர்டில் ரேடியோ, பின் கண்ணாடி ஓரப் பலகையில் இரண்டு ஸ்பீக்கர். அது இருந்தால் அந்தக் காருக்குத் தனி மதிப்பு!

இன்று நிலைமை தலைகீழ். பெரும்பாலான கார்களில் கம்பெனியே செட்டு வைத்துக் கொடுக்கிறது. அதைக் கழற்றிவிட்டு வேறு வைப்பதுதான் இன்றைய கேள்வி. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை இந்த வியாபாரத்துக்குப் பெயர் பெற்றது. பெரிய நகரங்கள் எல்லாவற்றிலும் இத்தகைய கடைகள் உண்டு.

கம்பெனிச் செட்டு ஏன் சரியாகப் பாடுவதில்லை?

எல்லாக் கம்பெனிச் செட்டும் மட்டம் என்று சொல்ல முடியாது. விலை உயர்ந்த கார்களில் நல்ல செட்டே வருகிறது. ஆனால் விலை குறைந்த கார்களில் கம்பெனி கணக்குப் பார்க்கிறது. ஒரு காருக்கு 100 ரூபாய் மிச்சம் என்றால், லட்சம் காருக்கு ஒரு கோடி ரூபாய் அல்லவா? அதனால் ஸ்பீக்கரில் காந்தம் சிறியதாகிறது. கூம்பு மெல்லிய காகிதமாகிறது.

ஆனால் குற்றம் முழுவதும் ஸ்பீக்கருக்கு இல்லை. கதவுக்கும் பங்கு உண்டு!

ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் ஆடுகிறது. முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் காற்றை இழுக்கிறது. இந்த இரண்டும் ஒன்றோடு ஒன்று கலந்தால் என்ன ஆகும்? ஒன்றை ஒன்று விழுங்கிவிடும்! தபேலாவின் 'தும்' என்ற கனத்த ஓசை காணாமல் போய்விடும். கார்க் கதவின் உள்தகட்டில் பல ஓட்டைகள் இருக்கின்றன. அந்த வழியாகப் பின்பக்கத்து ஓசை வெளியே வந்து முன்பக்கத்து ஓசையைக் கெடுக்கிறது. மெல்லிய தகடும் சேர்ந்து அதிர்கிறது.

ஆகவே நல்ல மெக்கானிக் என்ன செய்வார்? கதவின் உள்ளே, ரப்பர் போன்ற பசையுள்ள தகடுகளை ஒட்டுவார். ஓட்டைகளை மூடுவார். தண்ணீர் வடிவதற்காகக் கதவின் அடியில் உள்ள துவாரங்களை மட்டும் தொடமாட்டார். அதை அடைத்தால் மழைத் தண்ணீர் தேங்கும், கதவு துருப்பிடிக்கும்.

இதிலிருந்து தெரிவது என்ன? கையில் கொஞ்சம் பணம்தான் இருக்கிறதா? முதலில் முன் கதவு ஸ்பீக்கர் இரண்டை மாற்றுங்கள். கதவுக்குள் தகடு ஒட்டுங்கள். பழைய செட்டிலேயே பாட்டு புதிதாகக் கேட்கும். பளபளக்கும் பெரிய திரையை மட்டும் வாங்கி, பழைய காகித ஸ்பீக்கரை விட்டுவைத்தால், கிழிந்த பறையை வெள்ளிக் குச்சியால் அடித்த கதைதான்!

கைப்பேசிப் பாட்டு மட்டும்தான் வேண்டுமா? அதற்குச் செட்டையே மாற்ற வேண்டியதில்லை. கைப்பேசியிலிருந்து பாட்டை வாங்கி, காரின் எப்.எம். ரேடியோவுக்கு அனுப்பும் சிறு கருவி இருக்கிறது. சிகரெட் பற்றவைக்கும் துளையில் சொருகினால் போதும். ஓசை அவ்வளவு தெளிவாக இராது. ஆனால் ஒரு கம்பியைக்கூட வெட்ட வேண்டாம்.

வாட் கணக்கில் ஏமாறாதீர்கள்!

கடைக்குப் போகிறீர்கள். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது: '50 வாட், 4 ஸ்பீக்கர்'. அதாவது 200 வாட்! அப்படியா?

ஒரு சிறு கணக்குப் போடுங்கள். கார் ஓடும்போது மின்சாரத்தின் அழுத்தம் ஏறக்குறைய 14 வோல்ட். செட்டின் முதுகில் ஒரு சிறு பியூஸ் இருக்கும். பல செட்டுகளில் அது 10 ஆம்பியர். 14ஐப் பத்தால் பெருக்கினால் 140. அந்தப் பியூஸ் தாங்கும் அளவில் செட்டுக்குள் தொடர்ந்து போகும் சக்தியே சுமார் 140 வாட்தான். அதிலும் ஒரு பகுதி சூடாக வீணாகிறது. பிறகு 200 வாட் எப்படித் தொடர்ந்து வெளியே வரும்? ஒரு படி கறக்கும் மாட்டிடம் இரண்டு படி பால் கிடைக்குமா, தண்ணீர் கலந்தாலொழிய?

உண்மையில் அந்தச் செட்டு ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தொடர்ந்து கொடுப்பது 15 முதல் 20 வாட் வரைதான். வீட்டாருக்கு அது தாராளமாகப் போதும். பெட்டியின் மேல் இருக்கும் 'உச்ச' வாட் என்பது கண் இமைக்கும் நேரத்துக்கு மட்டும் வரக்கூடியது. ஆகவே கடைக்காரரிடம் "ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு?" என்று கேளுங்கள். அதுதான் தொடர்ந்து வரும் சக்தி. இந்த ஒரு கேள்வியிலேயே, வந்திருப்பவர் விவரம் தெரிந்தவர் என்று கடைக்காரருக்குப் புரிந்துவிடும்!

மஞ்சள், சிவப்பு, கறுப்பு

செட்டின் பின்னால் வால் போலப் பல நிறக் கம்பிகள் தொங்குகின்றன. பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் வெளியில் விற்கும் செட்டுகளில் நிறங்களுக்குப் பெரும்பாலும் ஒரே ஒழுங்கு உண்டு.

மஞ்சள்: பேட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் வரும் கம்பி. நேரத்தையும், ரேடியோ நிலையங்களையும் செட்டு நினைவில் வைப்பது இதனால்தான்.

சிவப்பு: சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் கம்பி.

கறுப்பு: எர்த். காரின் இரும்பு உடலோடு சேர்வது.

நீலம்: ஏரியலுக்கும், ஆம்ப் என்னும் ஒலிபெருக்கிப் பெட்டிக்கும் "விழித்துக்கொள்" என்று சொல்லும் கம்பி.

வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா: நான்கு ஸ்பீக்கர்களுக்குப் போவது. ஒவ்வொன்றோடும் கறுப்புக் கோடு போட்ட ஜோடிக் கம்பி ஒன்று இருக்கும்.

மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால் என்ன ஆகும்? சாவியை எடுக்கும்போதெல்லாம் செட்டு எல்லாவற்றையும் மறந்துவிடும். இரண்டையும் சேர்த்துப் பேட்டரியோடு முடிச்சுப் போட்டுவிட்டால் இன்னும் மோசம். செட்டு இரவெல்லாம் விழித்திருக்கும். காலையில் பேட்டரி இறங்கிக் கிடக்கும். கல்யாணத்துக்குப் புறப்படும் நேரத்தில் காரைத் தள்ள வேண்டியதுதான்!

நீலக் கம்பியைக் கட்டாமல் விட்டால் ரேடியோ முணுமுணுக்கும். பல கார்களில் ஏரியலுக்குள் ஒரு சிறு பெருக்கி இருக்கிறது. அதற்கு மின்சாரம் போகாவிட்டால் தொலைவில் உள்ள நிலையம் எடுபடாது. "புதுச் செட்டு சரியில்லை" என்று கடைக்காரரோடு சண்டை போடுவார்கள். குற்றம் செட்டில் இல்லை, கட்டாத கம்பியில்!

ஸ்பீக்கர் கம்பிகளில் ஒன்றில் மட்டும் கூட்டலும் கழித்தலும் மாறிப்போனால், ஒரு கூம்பு முன்னே போகும்போது மற்றது பின்னே போகும். பாட்டு பாடும், ஆனால் கனம் இராது. கண்டுபிடிக்கவும் எளிய வழி உண்டு. ஸ்பீக்கரைச் செட்டிலிருந்து பிரித்துவிட்டு, டார்ச் லைட்டில் போடும் ஒன்றரை வோல்ட் செல் ஒன்றை அதன் கம்பிகளில் ஒரு கணம் தொட வையுங்கள். செல்லின் மூக்கு பட்ட கம்பி கூட்டல் என்றால் கூம்பு வெளியே தள்ளும். உள்ளே இழுத்தால் கம்பிகள் மாறியிருக்கின்றன.

ஒன்று மறக்கக் கூடாது. மேலே சொன்ன நிறங்கள் செட்டின் கம்பிகளுக்கு. காரின் கம்பி நிறம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு! நிறத்தைப் பார்த்து முடிச்சுப் போடுகிறவர் மெக்கானிக் அல்ல. சோதனைக் கருவியை வைத்துப் பார்த்துப் போடுகிறவரே மெக்கானிக்.

கத்தரியை எடுத்தால் காரை எடுத்துவிடுங்கள்!

காரின் கம்பிகள் ஒரு பிளாஸ்டிக் முனையில் முடிகின்றன. கடைகளில் அதைக் 'கப்ளர்' என்று சொல்வார்கள். அந்தந்தக் காருக்குப் பொருந்தும் மாற்றுக் கப்ளர் தனியே விற்கிறது. செட்டின் விலையோடு பார்த்தால் அதன் விலை சொற்பம். அதைப் போட்டால் காரின் கம்பி ஒன்றைக்கூட வெட்ட வேண்டாம். நாளைக்குப் பழைய செட்டைத் திரும்ப வைக்க வேண்டுமானாலும் சொருகினால் போதும்.

சிலர் இந்தச் சிறு செலவுக்குச் சோம்பல் பட்டு, கத்தரியை எடுத்து 'நறுக்'கென்று வெட்டிவிடுகிறார்கள். முறுக்கி, டேப் சுற்றுகிறார்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் சூடு கொதிக்கும். டேப்பின் பசை உருகும். முடிச்சு அவிழும். கம்பியும் கம்பியும் உரசும். அப்புறம் என்ன? புகைதான்!

இன்றைய கார்களில் இன்னொரு விஷயமும் உண்டு. ஸ்டீயரிங்கில் உள்ள பொத்தான்கள், பின்னால் பார்க்கும் கேமரா, சில கார்களில் எச்சரிக்கை மணிகள் எல்லாம் செட்டோடு பின்னிக் கிடக்கின்றன. உயிரைக் காக்கும் காற்றுப் பையின் கம்பிகளும் டேஷ்போர்டுக்குள்தான் ஓடுகின்றன. அவற்றில் கை வைக்கவே கூடாது. வேலை ஆரம்பிக்கும் முன் பேட்டரியின் கழித்தல் முனையைக் கழற்றிவிட வேண்டும். அதைக் கழற்றாமல் டேஷ்போர்டைப் பிரிக்கிறவரைக் கண்டால், "கொஞ்சம் நில்லுங்கள்" என்று சொல்லத் தயங்காதீர்கள்.

தீ எங்கே ஒளிந்திருக்கிறது?

செட்டு மட்டும் மாற்றினால் ஆபத்து குறைவு. ஊஃபர் பெட்டியும் ஆம்பும் வைக்கும்போதுதான் முழுக் கவனம் தேவை.

காரின் தலைவிளக்கு ஒன்று எடுப்பது சுமார் 5 ஆம்பியர். ஆனால் 500 வாட் தரும் பழைய வகை ஆம்ப் ஒன்று முழு வேகத்தில் பாடினால் 70 ஆம்பியருக்கு மேலும் கேட்கும். ஏனென்றால் அது வாங்கும் மின்சாரத்தில் ஏறக்குறையப் பாதி வெறும் சூடாகிறது. இவ்வளவையும் விளக்குக்குப் போடும் மெல்லிய கம்பியில் இழுத்தால்? ஒற்றையடிப் பாதையில் நூறு லாரியை விட்டது போலத்தான்! கம்பி சுடும். மேலுறை உருகும். பக்கத்தில் கம்பளம், பஞ்சு, பிளாஸ்டிக். பற்றிக்கொள்ள வேறு என்ன வேண்டும்?

ஆகவே ஆம்புக்குத் தடித்த கம்பி தனியே பேட்டரியிலிருந்து வர வேண்டும். அந்தக் கம்பியில் பியூஸ் எங்கே இருக்க வேண்டும்? பேட்டரிக்குப் பக்கத்தில்! சுமார் 45 சென்டிமீட்டருக்குள். இது மிக முக்கியம். சிலர் பியூசை டிக்கியில், ஆம்புக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். நடுவழியில் கம்பி இரும்பில் உரசினால் அந்தப் பியூஸ் எதையும் காப்பாற்றாது. திருடன் கொல்லைப்புறமாக வரும்போது வாசலில் காவல் இருந்து என்ன பயன்?

என்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே வரும் இடத்தில் கம்பி ஓர் இரும்புத் தகட்டைத் துளைத்து வருகிறது. அந்தத் துளையில் ரப்பர் வளையம் போட வேண்டும். போடாவிட்டால் காரின் அதிர்ச்சியில் தகட்டின் கூர்முனை நாளடைவில் கம்பியின் தோலை அறுத்துவிடும். ஒரு நாள் செம்பு இரும்பைத் தொடும். நல்ல கார் பேட்டரி அந்த நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். கம்பி பழுக்கக் காய்ந்துவிடும்!

இன்னும் ஒன்று. பியூஸ் போனால் புதுப் பியூஸ் போடுங்கள். அதே அளவு போடுங்கள். ஈயக் காகிதத்தைச் சுற்றி வைப்பதும், 10 போனால் 30 போடுவதும் வீட்டுக்குத் தீ வைப்பதற்குச் சமம். பியூஸ் போனது குற்றம் அல்ல. அது தன் உயிரைக் கொடுத்து உங்கள் உயிரைக் காத்திருக்கிறது!

கம்பி வாங்கும்போதும் கவனம் தேவை. மலிவான கம்பிகளில் உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. கத்தியால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். அதே தடிமனில் செம்பு தாங்கும் அளவுக்கு அது மின்சாரத்தைத் தாங்காது.

வாரண்டி, இன்சூரன்ஸ், சட்டம்

புதுக் காருக்கு வாரண்டி இருக்கும். கம்பியை வெட்டி ஒட்டினால், மின்சாரக் கோளாறு எது வந்தாலும் "நீங்கள் கை வைத்ததால் வந்தது" என்று சொல்ல இடம் உண்டாகிவிடும். வாரண்டி முடியும் வரை பொறுப்பது ஒரு வழி. கார் வாங்கிய இடத்திலேயே மாற்றி, பில் வாங்கி வைப்பது இன்னொரு வழி.

இன்சூரன்ஸ் விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. காரின் விலையில் சேராமல், வெளியில் வாங்கி வைத்த மின்சாரச் சாமான்கள் தாமாகவே இன்சூரன்சில் சேர்ந்துவிடுவதில்லை. அவற்றின் விலையைத் தனியே சொல்லி, கூடுதல் பிரீமியம் கட்டினால்தான் அவற்றுக்குக் காப்பு. 40,000 ரூபாய்க்குச் செட்டும் ஆம்பும் வைத்துவிட்டு, திருட்டுப் போனதும் கையைப் பிசைவதில் பயன் இல்லை.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 52ஆம் பிரிவு என்ன சொல்கிறது? பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம், கம்பெனி முதலில் குறித்ததற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. பாட்டுச் செட்டின் விவரம் சான்றிதழில் இல்லை. ஆகவே செட்டு மாற்றுவதால் அந்தச் சான்றிதழ் விவரம் எதுவும் மாறாது. ஆனால் அந்தச் செட்டிலிருந்து வரும் சத்தம் சட்டத்துக்கு உட்பட்டது!

ஊர் தூங்க வேண்டாமா?

ஒலி மாசு பற்றி 2000ஆம் ஆண்டு இந்திய அரசு விதிகளை வெளியிட்டது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. இரவு என்றால் 10 மணி முதல் காலை 6 மணி வரை. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதி. டெசிபல் என்பது ஓசையை அளக்கும் அளவு. இருவர் பக்கத்தில் நின்று சாதாரணமாகப் பேசுவது சுமார் 60 டெசிபல். அப்படியானால், கண்ணாடியை இறக்கிவிட்டு ஊஃபரை அதிரவிட்டுப் போகும் கார் எவ்வளவு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்!

தெருவுக்கு மட்டும் தொல்லை அல்ல. உங்கள் காதுக்கும் கேடு. 85 டெசிபல் ஓசையை ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்று அமெரிக்கத் தொழில் சுகாதார நிபுணர்கள் அளவு வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிறது. 88 என்றால் 4 மணி. 91 என்றால் 2 மணி. 100 என்றால் 15 நிமிடம்தான்! பெரிய ஆம்ப் வைத்த காருக்குள் 100ஐத் தாண்டுவது மிகச் சுலபம்.

காதுக்குள் ஓசையை வாங்கும் நுண்ணிய மயிரணுக்கள் உள்ளன. அவை ஒரு முறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. காரிலிருந்து இறங்கியதும் காதில் "ஙொய்ங்" என்று கேட்கிறதா? அது எச்சரிக்கை மணி. பின் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள்? சின்னக் குழந்தைகள்! "வலிக்கிறது" என்று சொல்லத் தெரியாத குழந்தைகள்! முன்னால் இருப்பவருக்கு அளவாகத் தோன்றும் சத்தம் பின்னால் இருக்கும் குழந்தைக்கு இடியாக இருக்கலாம்.

பின்னால் வரும் 108 ஆம்புலன்சின் ஒலி காதில் விழ வேண்டும். ரயில் கேட்டில் ரயிலின் ஊதல் கேட்க வேண்டும். எதிரே திரும்பும் லாரியின் ஹாரன் கேட்க வேண்டும். பாட்டு இவற்றையெல்லாம் மூடிவிட்டால் அது பாட்டு அல்ல. காதுக்குக் கட்டிய திரை.

பெரிய திரையுள்ள செட்டில் சினிமாவும் பார்க்கலாம். ஆனால் ஓட்டுகிறவர் பார்க்கக் கூடாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். இரண்டு நொடி திரையைப் பார்த்தால் 33 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதாகும். மாடும் குழந்தையும் குறுக்கே வரும் கிராமத்துச் சாலையில் இது விளையாட்டா?

பணம் கொடுக்கும் முன் கேளுங்கள்

கடையில் உட்கார்ந்ததும் இந்தக் கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்:

• என் காருக்கு ஏற்ற கப்ளர் இருக்கிறதா? கம்பியை வெட்டாமல் வைப்பீர்களா?

• ஸ்டீயரிங் பொத்தானும் பின் கேமராவும் பிறகு வேலை செய்யுமா?

• ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு?

• ஆம்ப் வைத்தால் பேட்டரிக்குப் பக்கத்தில் பியூஸ் வைப்பீர்களா? அது எத்தனை ஆம்பியர்?

• கம்பி முழுச் செம்புதானா?

• ஊஃபர் பெட்டி வைத்தபின் ஸ்டெப்னியை எடுக்க வழி இருக்குமா?

• பில்லும், செட்டுக்கு வாரண்டியும் உண்டா?

• கழற்றிய பழைய செட்டைத் திருப்பிக் கொடுப்பீர்களா?

கடைசிக் கேள்வியை மறந்துவிடாதீர்கள். பழைய செட்டு கையில் இருந்தால், காரை விற்கும்போது அதை மறுபடி வைத்துவிட்டு, புதுச் செட்டை அடுத்த காருக்கு எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலான வெளிச் செட்டுகள் இரண்டு அளவில்தான் வருகின்றன. ஒன்று, 180 மில்லிமீட்டர் அகலம், 50 உயரம். மற்றது, அதே அகலம், 100 உயரம். ஏற்ற சட்டம் கிடைத்தால் பல கார்களுக்கும் பொருந்தும்.

வேலை முடிந்ததும் உடனே புறப்படாதீர்கள். என்ஜினை ஓடவிட்டுப் பாட்டு போட்டுப் பாருங்கள். என்ஜின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் 'ஙீ' என்ற கீச்சொலி கேட்டால் எர்த் சரியில்லை என்று கொள்ளலாம். பெயிண்டைச் சுரண்டி, இரும்போடு இறுகக் கட்டச் சொல்லுங்கள். ஹாரன், விளக்கு, வைப்பர் எல்லாம் முன்போல் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். அரை மணி நேரம் பாடிய பிறகு ஆம்புக்குப் போகும் கம்பியையும், பியூஸ் பெட்டியையும் வெளியே தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் வண்டியை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வாடை வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள்.

முந்திரிக் கொட்டையை வறுக்கும்போது பக்குவம் தெரிந்தவர் வறுத்தால் பருப்பு மணக்கும். தெரியாதவர் வறுத்தால் கொட்டையின் எண்ணெய் தெறித்துக் கை பொத்துப் போகும். வரதராஜன்பேட்டைக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கார்ப் பாட்டும் அப்படித்தான்! பக்குவம் தெரிந்து வைத்தால் தாத்தாவுக்குப் பழைய பாட்டு, பேரனுக்குப் புதுப் பாட்டு, வழி நெடுக எல்லாருக்கும் மகிழ்ச்சி. செட்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கத் துணிந்தவர், நல்ல கம்பிக்கும் பியூசுக்கும் சில நூறு ரூபாய் கொடுக்கத் தயங்கலாமா?